புதுப்பிப்பு: மகளின் கிராஸ் கன்ட்ரி பருவம் முடிந்தது

மூன்று மாதங்களுக்கு முன், புல்வெளி, மேடுபள்ளம் வழியே ஓடும் கிராஸ் கன்ட்ரி நெடுந்தூர ஓட்டத்தில் பதினைந்து வயது மகளின் வேகம் பந்தயத்துக்குப் பந்தயம் குறைந்துவருவதையும், அவள் எந்நேரமும் களைத்திருப்பதையும் எழுதி, ஓட்டத்தை நிறுத்திவிடச் சொல்லலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள், மனமார்ந்த நன்றி.

ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகவும் குறைந்திருந்தது. நெடுந்தூரம் ஓடும் பதின்வயதுப் பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுவதாகவும், ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் தெரியாமல் போய்விடும் என்றும் மருத்துவர் விளக்கினார். அவர் எழுதித்தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபி குடிக்கும் வேளையைத் தவிர்த்து எடுத்துக்கொள்கிறாள். பயிற்சியாளரும் சில வாரங்கள் தூரத்தைக் குறைத்தார். அந்தக் களைப்பைச் சோம்பல் என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டது இன்னும் உறுத்துகிறது.

கடைசிப் பந்தயம் 5 கிலோமீட்டர். முந்தைய நாள் மழையில் ஊறிய புல்வெளி. அணியின் ஏழு பேரில் முதலில் வரும் ஐவரின் இடங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த அணியே வெல்லும் என்பதால், ஐந்தாவதாக வருபவரின் இடம் பல நேரங்களில் முடிவையே மாற்றிவிடும். எங்கள் அணியில் அந்த ஐந்தாமவள் இவள்தான். கடைசி மேட்டில் இருவரைக் கடந்தபோது முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது, முகத்தில் பழைய சோர்வு இல்லை. அணிக்கு மூன்றாம் இடம். ஈரமான காலணியைக் கழற்றிக்கொண்டே அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். ஃபெரிட்டினை அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறோம்.