ஐ5-7400, விண்டோஸ் 10: இந்த சிஸ்டத்தை இனி என்ன செய்வது?

நெல்லைச்சீமை எழுதியது:

வணக்கம். 2017-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அசெம்பிள் செய்த சிஸ்டம் என்னுடையது. ஐ5-7400, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இன்றுவரை ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. வருடத்துக்கு ஒரு முறை கேபினெட்டைத் திறந்து பெயிண்ட் பிரஷால் தூசி தட்டுவதோடு சரி.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் முடிந்தது எல்லோருக்கும் தெரியும். 11-க்குப் போகலாமே என்று, சிஸ்டம் அதற்குத் தகுதியா என்று பார்க்கிற பிசி ஹெல்த் செக்கை ஓட்டினேன். முதலில் டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கிற பாதுகாப்புப் பகுதி) இல்லை என்றது. பயாஸுக்குள் போய்த் தேடி, இன்டெல் பிடிடி என்று இருந்ததை ஆன் செய்தேன், டிபிஎம்முக்கு இன்டெல் வைத்த பெயர் அது. அந்த வரி பச்சையாகிவிட்டது, அப்பாடா என்று இருந்தது. ஆனால் பிராசஸருக்கு நேராக மட்டும் ஆதரவு இல்லை என்றே நிற்கிறது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள், என்னுடையது ஏழு.

ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். "இதெல்லாம் இனி பழைய இரும்புக்குத்தான், புதுசா ஒன்று போட்டுக்கங்க" என்று 60,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு மனசே வரவில்லை. நன்றாக ஓடுகிற பொருளை எப்படித் தூக்கிப் போடுவது?

வீட்டில் மூன்று பேர் இதைப் பயன்படுத்துகிறோம். தம்பிக்கு வேலரண்ட் கேம். எனக்கு கவுண்டர் ஸ்ட்ரைக் 2, எப்போதாவது ஜிடிஏ 5. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார், தமிழ்99 கீபோர்டு முறையில் அடிப்பார், 200 பக்கத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்படியே விண்டோஸ் 10-ல் இருந்தால் ஆபத்தா, லினக்ஸ் போட்டால் இந்த மூன்று பேருக்கும் சரிவருமா, இல்லை கடைக்காரர் சொன்னதுதான் வழியா? கேம் வாங்கி விளையாடுகிற ஸ்டீமும் விண்டோஸ் 10-ஐக் கைவிட்டுவிட்டது என்று தம்பி சொல்கிறான், அதுவும் உண்மையா?

சால்டரிங்அயன் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கொட்டேஷனை மடித்து உள்ளே வையுங்கள். 15 வருடமாக சர்வீஸ் செய்கிறேன், உங்கள் சிஸ்டத்தில் பழைய இரும்பு எதுவும் இல்லை.

விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வாங்க வழி இருக்கிறது. இஎஸ்யு என்பார்கள், 2026 அக்டோபர் 13 வரை வரும். 30 டாலர் கட்டலாம் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். காசே இல்லாமலும் கிடைக்கும்: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் செய்தால் போதும். ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 வைத்திருந்தால் அதைக் கொடுத்தும் சேரலாம். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள், மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்கலாம்.

ஸ்டீம் விஷயம் பாதி உண்மை. 2026 ஜனவரி 1-லிருந்து நிறுத்தியது 32 பிட் விண்டோஸுக்குத்தான். உங்களுடையது 64 பிட்டாகத்தான் இருக்கும், ஒன்றும் ஆகாது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் கைகழுவியது, ஸ்டீம் அதில் 2024 ஜனவரி வரை ஓடியது, அதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க். சிஸ்டம் மெதுவாக இருப்பதாகத் தோன்றினால் காரணம் பிராசஸர் இல்லை, அதுதான். ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுங்கள், பழைய டிஸ்க்கைப் படம், பாட்டு, பேக்கப் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற பத்து சிஸ்டத்தில் ஏழெட்டு, இதைச் செய்த அன்றைக்கே "புதுசு வேண்டாம் சார்" என்று சொல்ல வைத்துவிடும்.

வேகப்புயல் எழுதியது:

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள் ப்ரோ? ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றும்போது டிபிஎம், செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏறவிடுகிற பாதுகாப்பு) சோதனை வேண்டாம் என்று டிக் போட்டுவிட்டால் ஏழாம் தலைமுறையிலும் இன்ஸ்டால் ஆகும். என் சிஸ்டம் ஆறாம் தலைமுறை, எட்டு மாதமாக ஓடுகிறது, மாதாந்திர அப்டேட்டும் வந்துகொண்டிருக்கிறது.

சால்டரிங்அயன் எழுதியது:

வேகப்புயல் சொல்வது நடக்கும், நானே சிலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். அப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. வருடாந்திரப் பெரிய பதிப்பு வரும்போது தானாக ஏறாது, மறுபடியும் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் கோப்பை இறக்கி நாமே ஏற்ற வேண்டும். இந்த வீட்டில் வேலரண்டும் இருக்கிறது. விண்டோஸ் 11-ல், கேமில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிற அதன் ஆன்டி சீட்டான வேன்கார்டு, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். அவற்றை ஆன் செய்யாமல் 11 போட்டுவிட்டு, அப்புறம் தம்பி கேம் திறக்கவில்லை என்று நின்றால் யார் பதில் சொல்வது? இருக்கிற 10-ல் அந்தத் தொல்லை இல்லை.

பெங்குவின்அக்கா எழுதியது:

தம்பி, லினக்ஸ் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019-லிருந்து வீட்டில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்தான், மாமியார்வரை அதில்தான் யூடியூப் பார்க்கிறார். பலரும் லினக்ஸைப் புகழும்போது கேம் விஷயத்தைப் பூசி மெழுகிவிடுகிறார்கள், அப்புறம் போட்டவர்கள் வருத்தப்பட்டுத் திரும்பிப் போகிறார்கள். அதனால் முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. வேன்கார்டு விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிற ஆன்டி சீட், அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விர்ச்சுவல் மெஷினுக்குள் (லினக்ஸுக்குள்ளேயே ஓடுகிற போலிக் கணினி) விண்டோஸ் போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள், அதையும் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். ஃபோர்ட்நைட்டும் கிடையாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் சீட்டிங்கைக் காரணம் காட்டி அதையும் மூடிவிட்டார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏனென்றால் என் மகனும் நானும் சேர்ந்து விளையாடிய ஒரே கேம் அதுதான்.

உங்கள் பக்கம் நிலைமை நல்லது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-க்கு லினக்ஸுக்கென்றே பதிப்பு இருக்கிறது. ஜிடிஏ 5-ன் கதைப் பகுதி புரோட்டானில் ஓடும். புரோட்டான் என்பது விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக வால்வ் 2018-ல் ஸ்டீமுக்குள்ளேயே கொண்டுவந்தது, ஸ்டீம் டெக் முழுக்க அதை நம்பித்தான் நிற்கிறது. ஜிடிஏ ஆன்லைன் மட்டும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி சீட்டைச் சேர்த்ததிலிருந்து லினக்ஸில் நுழைய விடுவதில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பேட்டில்ஐ புரோட்டானோடு வேலை செய்யக்கூடியதுதான், கேம் நிறுவனம் அனுமதி கொடுத்தால் போதும். கொடுக்காமல் விடுவது அவர்களாக எடுக்கிற முடிவு. லினக்ஸால் முடியவில்லை என்று பழியை இங்கே தள்ளக் கூடாது.

உங்கள் 1050 டிஐ பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தலைமுறை கார்டுகளுக்கு என்விடியா டிரைவர் 580 வரிசையோடு முடிகிறது. மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து அது காட்டுகிற என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து அதைக் கேட்கும். பயந்துபோய் எஸ்கேப் அடித்துவிடாதீர்கள், என்ரோல் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். நான் முதல் தடவை விட்டுவிட்டு, டிரைவர் ஏன் ஏறவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன்.

இனி அப்பா விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. லினக்ஸில் கீபோர்டு லேஅவுட் பட்டியலுக்குப் போனால் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வரும், ஆனால் புள்ளி தானாக விழாது. தமிழ்99-ல் அடித்துப் பழகியவர்களுக்கு அதுதான் உயிர், "அம்மா" என்பதற்கு ம இரண்டு தடவை தட்டினால் முதல் ம தானே ம் ஆக வேண்டும், ங-வுக்குப் பின் க வந்தால் ங் ஆக வேண்டும். அது இல்லையென்றால் அப்பா இரண்டு வரி அடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவுகிற ஐபஸ்-எம்17என் என்ற பொதியை இன்ஸ்டால் செய்து, ஐபஸ் செட்டிங்ஸில் தமிழ் என்பதற்குக் கீழே இருக்கிற தமிழ்99-ஐச் சேருங்கள். அதில் புள்ளி விழும்.

எதையும் அழிக்காமல் பார்க்க வேண்டுமென்றால் மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யலாம். அப்பாவை உட்கார வைத்து ஒரு பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சரியென்றால் டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டும்), தம்பிக்கு விண்டோஸ் அப்படியே இருக்கும். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

அச்சுக்கூடம் எழுதியது:

டிடிபி வேலை செய்கிறவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. அப்பா யூனிகோடில்தான் (எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற பொது முறை) அடிக்கிறாரா என்று பாருங்கள். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்ததும் ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கும். எழுத்துருவை லினக்ஸிலும் ஏற்றலாம், பார்க்க முடியும். ஆனால் எப்படியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. பேஜ்மேக்கரில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்காகவே நாங்கள் ஒரு விண்டோஸ் சிஸ்டத்தை நெட் இணைப்பே இல்லாமல் வைத்திருக்கிறோம்.

மெமரிகார்டு எழுதியது:

புது சிஸ்டம் வாங்குவதாக இருந்தாலும் இது நேரமில்லை நண்பரே. ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் திரும்பிவிட்டன, உலகத்தின் ரேம் பெரும்பாலும் இந்த மூவரிடமிருந்துதான் வருகிறது. மைக்ரான் 2025 டிசம்பரில் க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது, நம்மைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் நம்பி வாங்கிய பிராண்ட் அது. பழைய டிடிஆர்4-கூடத் தப்பவில்லை. நல்ல நிலையில் செகண்ட்ஸில் 8 ஜிபி ஸ்டிக் ஒன்று கிடைத்தால் எடுத்துப் போட்டு 16 ஆக்கிக்கொள்ளுங்கள். கடையிலேயே போட்டுப் பார்த்து, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஒரு சுற்றாவது ஓடவிட்டு வாங்குங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

சால்டரிங்அயன் அண்ணே, அன்றைக்கு ராத்திரியே இஎஸ்யு-வில் சேர்ந்துவிட்டேன், காசு கேட்கவில்லை. 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை குளோன் செய்தேன். முன்பெல்லாம் ஆன் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வருவேன், இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. தம்பி வேலரண்டில் மேப் ஏறுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாக என்னிடம் மரியாதையாகப் பேசுகிறான்.

அக்கா, பென்டிரைவில் மின்ட் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். முதலில் அந்த வெறும் லேஅவுட்டைத்தான் கொடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே "தங்கம்" என்று அடித்துப் பார்த்துவிட்டு, புள்ளி எங்கேடா என்று கேட்டார். ஐபஸ் போட்ட பிறகு ஒன்றும் பேசவில்லை, முக்கால் மணி நேரம் அடித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எழுத்து கண்ணை உறுத்தலப்பா" என்றார். எனக்கு அது போதும்.

ஒரே ஒரு சிக்கல். புத்தகம் யூனிகோடில்தான் இருக்கிறது, லதா எழுத்துரு. லிப்ரே ஆபீஸில் திறந்தால் வேறு எழுத்துருவில் காட்டுகிறது, 214 பக்கம் 221 ஆகிவிட்டது, படங்களெல்லாம் அடுத்த பக்கத்துக்கு ஓடுகின்றன. இதற்கு என்ன செய்யலாம்?

பெங்குவின்அக்கா எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. லதா விண்டோஸோடு வருகிற எழுத்துரு, மின்ட்டில் இருக்காது, அதனால் அகலம் மாறி வரிகள் தள்ளிப் போகின்றன. அப்பா மின்ட்டில் எழுதட்டும், பக்க அமைப்பை இப்போது தொடாதீர்கள். எழுதி முடித்ததும் விண்டோஸில் திறந்து படங்களைச் சரிசெய்து, அங்கிருந்தே பிடிஎஃப் எடுத்து அச்சுக்குக் கொடுங்கள்.

அச்சுக்கூடம் எழுதியது:

பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்கிற வசதி ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதி வீட்டுப் பிரிண்டரில் எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள், தமிழாசிரியர் கண்ணுக்குத் திரையில் தப்பியது காகிதத்தில் தப்பாது.