அயோடின் மருந்தும் கருவாடும்

கேள்வி – அம்பாசமுத்திரம்:
தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்த என் மதினிக்கு அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்து கொடுக்கவிருப்பதால், கடல் மீனையும் அயோடின் உப்பையும் இரண்டு வாரம் விலக்கச் சொல்லியிருக்கிறார்கள். கருவாடில்லாமல் சோறிறங்காத அவரிடம் காரணத்தை எப்படிச் சொல்வது? வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது.

பதில் – பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, மிச்சமிருக்கும் தைராய்டு திசு அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் மருந்தை நன்றாக உறிஞ்சும். அதிலிருந்து வெளிப்படும் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கி அங்குள்ள செல்களை அழிக்கும். உடன்வரும் காமாக் கதிரோ உடலைத் தாண்டி வெளியேறும் என்பதால்தான் குழந்தையை விலக்கி வைக்கிறார்கள்.

பதில் – தென்காசி:
மருந்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) 8 நாள் என்றாலும் பெரும்பகுதி சிறுநீரில் முன்னதாகவே போய்விடும். என் தங்கைக்குத் தனித்தட்டு, தனிக் கழிப்பறை, ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் ஊற்ற இருமடங்கு தண்ணீர். எத்தனை நாள் விலகியிருப்பது என்பதை மருந்தின் அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கருவாட்டுப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டேன்.