கலைச்சொல்: சாலை விளிம்பின் ஓரக்கல்லுக்கும் நடக்கும் தளத்துக்கும் நடுவே மரம் நடும் இடம்

அனைவருக்கும் வணக்கம்.

மனைப்பிரிவுக் கையேட்டின் தமிழ் வரைவில் இந்த இடத்தைப் 'பசுமைப் பகுதி' என்று போட்டிருக்கிறார்கள். வேண்டாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். பேச்சில் அதுவும் பசுமைப் பகுதிதான். மதுரையை அடுத்த ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் மனை போடுகிறவர் தெருவோர மரக்குழிகளையும் அந்தப் பத்தில் சேர்த்துக் காட்ட நாமே வழிவிட்டதாகிவிடும். 'மரப்பட்டை'யும் ஆகாது, வேம்பின் தோல்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: ஓரப்பாத்தி.

பாத்தி என்றாலே தண்ணீர் நிற்கும்படி தாழ்த்தி வரப்புக் கட்டிய இடம். மதுரை வெயிலுக்கு வேண்டியதும் அதுதான். இப்போது பேவர் கல்லை அடிமரம் வரை நெருக்கிப் பதித்து, மிச்ச இடுக்கில் சிமெண்டும் பூசிவிடுகிறார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடுகிறது. கல்லுக்கு அடியில் தங்கும் ஈரத்தைத் தேடி வேர் மேலே வந்து தளத்தைத் தூக்குகிறது. புங்கையோ மகிழமோ, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராவது திறந்த மண் வேண்டும். தளத்தைவிட நான்கு விரல் தாழ்வாக இருக்க வேண்டும். ஓரக்கல்லில் நீர் நுழைய இடைவெளி விட வேண்டும்.

——

> என் முன்மொழிவு: ஓரப்பாத்தி.

சொல் நன்று ஐயா, ஆனால் பாதி இடத்துக்குத்தான் பொருந்தும். அதே ஒரு மீட்டரில்தான் விளக்குக் கம்பம், மின்பெட்டி, பெயர்ப்பலகை எல்லாம் வருகின்றன. வாசலுக்குக் கார் ஏறும் சரிவும் அதற்குள்ளேயே முடிய வேண்டும். நடக்கும் தளத்துக்குள் நீண்டால் சக்கர நாற்காலி ஒவ்வொரு வாசலிலும் பக்கவாட்டில் சாயும்.

ஆகவே முழு நீளமும் ஓரப்பட்டை. அதில் மண் திறந்த இடம் மட்டும் ஓரப்பாத்தி. ஆள் நடப்பது நடைப்பட்டை. மதில் சுவரை ஒட்டிய அரை மீட்டர் முகப்புப்பட்டை. எல்லாம் சேர்ந்தது நடைபாதை. இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை குடியிருப்புத் தெருவுக்குக் கேட்கும் குறைந்தது 1.8 மீட்டர், தடையில்லாத நடைப்பட்டைக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் 'நடைபாதை' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால்தான் மரத்தையும் கம்பத்தையும் சேர்த்து அளந்து 1.8 காட்ட முடிகிறது.

——

ஏற்கிறேன் அம்மா. விதி வாசகமாக எழுதிப் பார்த்தேன்:

“நடைப்பட்டை 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும். கம்பமும் பெட்டியும் ஓரப்பட்டையில் மட்டுமே நிற்கலாம். ஓரப்பாத்தியைச் சிமெண்டால் மூடக் கூடாது.”

சொற்கள் உருபேற்று இயல்பாக நிற்கின்றன. ஓரக்கல்லில் நீர் நுழையும் இடைவெளிக்கு 'மடை' போதும், புதுச்சொல் வேண்டாம்.

ஒன்று பாக்கி. பாத்தி தாழ்வாக இருப்பதால் பார்வையற்றவரின் கோல் நடைப்பட்டை விளிம்பிலேயே தட்டுப்பட, அங்கே ஒரு கல் உயரம் எழுப்ப வேண்டும். அதை 'வரப்பு' என்றே எழுதிவிடலாமா?