கடைப் பெயர்ப்பலகை கழுவும் தொழில்: விரிசல் விட்ட அக்ரிலிக் எழுத்துகள் குறித்து ஆலோசனை வேண்டும்

கேட்பவர்: திருநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகள் ஒரு ஃபிளக்ஸ் அச்சகத்தில் போர்டு மாட்டும் வேலை பார்த்த நான், சென்ற தை மாதம் முதல் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் முகப்புக் கண்ணாடிகளையும் கழுவித் தரும் தொழிலைச் சொந்தமாகச் செய்து வருகிறேன். சித்தப்பா மகன் ஒருவன் உடன் வருகிறான். ஓர் அலுமினிய ஏணி, பழைய பிரஷர் வாஷர், வாளிகள், துணிகள் ஆகியவையே எங்கள் மூலதனம்.

சென்ற வாரம் மதுரை பைபாஸ் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் வெள்ளை அக்ரிலிக் எழுத்துகளில் பழைய ஸ்டிக்கர் பசை படிந்திருந்ததைத் தின்னர் தொட்டுத் துடைத்தேன். இரும்புச் சட்டத்தில் தெறித்த பெயின்டைத் தின்னரால் துடைத்த பழைய பழக்கம் அது. அன்று பளிச்சென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் கடைக்காரர் அழைத்து, எழுத்துகளின் ஓரங்களில் மயிரிழை போல விரிசல்கள் ஓடுவதையும், இரவில் விளக்கு எரியும்போது அவை சிலந்தி வலை போலத் தெரிவதையும் காட்டினார். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். இதைச் சரிசெய்ய வழி உண்டா? ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன. அதற்கு என்ன செய்வது? எந்தக் கணக்கில் கூலி கேட்பது என்பதும் பிடிபடவில்லை.

பதில் 1: சிம்மக்கல் பலகைக்காரர்

தம்பி, அந்த விரிசலைத் தேய்த்துப் போக்க முடியாது. லேசரில் வெட்டும்போது அக்ரிலிக்கின் ஓரங்களில் ஓர் இறுக்கம் உள்ளுக்குள் தங்கிவிடுகிறது. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் போன்றவை பட்டவுடன் அந்த இறுக்கம் விரிசலாக வெளிப்படுகிறது. அதனால்தான் உங்களுக்கு ஓரங்களிலிருந்தே தொடங்கியிருக்கிறது. கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா கலந்தவையும் இதே வேலையைச் செய்யும். எழுத்தின் முகப்பை மட்டும் புதிதாக வெட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய வெள்ளைக்கும் புதிய வெள்ளைக்கும் இரவில் வேறுபாடு தெரியும் என்பதால், ஒரு சொல்லில் இரண்டு எழுத்து கெட்டிருந்தாலும் அந்தச் சொல் முழுவதையும் மாற்றிக் கொடுப்பதே கௌரவம். இனி ஸ்டிக்கர் பசைக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டி வைத்து, மிச்சத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் உருட்டி எடுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் துடைக்காதீர்கள். துணிக்கும் எழுத்துக்கும் இடையில் சிக்கும் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும்.

ஏணியில் ஏறுமுன் பலகை எதனால் ஆனது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பெரும்பாலான கடை முகப்புகள் ஏசிபி ஷீட்தான்: நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகடு, மேலே வண்ணப்பூச்சு. அமிலம், காரம் இரண்டுமே அலுமினியத்துக்கு ஆகாது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எழுத்துகளுக்குக் கழிவறை ஆசிட்டைப் போட்டால் அன்றைக்குப் பளபளக்கும், பின்னர் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஃபிளக்ஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரஷர் வாஷரைப் பலகைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்துக்குள் எரியும் எல்இடி மாட்யூலில், தூசியும் நீரும் புகாத தரத்தைக் காட்டும் ஐபி65 என்ற குறி போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் துணிந்துவிடுகிறார்கள். அது சாதாரண நீர்த்தாரைக்கான தரமே தவிர, உயர் அழுத்தப் பீய்ச்சலுக்கானது அன்று. மேலும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி பல இடங்களில் பலகையின் முதுகிலேயே திறந்து கிடக்கும். ஸ்விட்சை மட்டும் நம்பாமல், மின் இணைப்பையே துண்டிக்கும் எம்சிபியை இறக்கச் சொல்லுங்கள். எழுத்தின் அடிப்பக்கத்தில் நீர் வடிவதற்காக நாங்கள் விடும் சிறு துளைகளைக் குளவிகள் மண் வைத்து அடைத்துவிடும். அதைக் குத்தித் திறந்துவிட்டாலே, மழைக்காலத்தில் பாதி எழுத்து எரியாமல் போகும் தொல்லை பெரும்பாலும் குறையும். இதைச் செய்து கொடுக்கும் கழுவுகாரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பதில் 2: மாட்டுத்தாவணிக்காரன்

நான் ஒன்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். வெள்ளைப் புள்ளி என்பது நீர் ஆவியான பிறகு தங்கும் உப்பு. எனவே வெயில் ஏறுமுன் முடித்து, காயவிடாமல் வைப்பரால் இழுத்துவிடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ நீரைப் பயன்படுத்தினால் ஒரு பலகைக்கு ஒரு வாளி போதும். கண்ணாடியில் ஏற்கெனவே படிந்த உப்புக்கறைக்கு, வினிகரில் சம அளவு நீர் கலந்து தொட்டு எடுக்கலாம். அது வழிந்து பளிங்குப் படியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே வேலையில் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

கூலியைச் சதுர அடிக் கணக்கில் மட்டும் பேசியதால் முதல் இரண்டு ஆண்டுகள் கைக்காசை இழந்தேன். நம் ஊரில் பரோட்டாக் கல் கடை வாசலிலேயே, பெயர்ப்பலகைக்கு நேர் கீழே இருக்கும். அந்த எண்ணெய்ப்பிசுக்கின் மேல் சாலைத் தூசி படிந்து தார் போல இறுகியிருக்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து இரண்டு, மூன்று முறை ஊறவைக்க வேண்டியிருப்பதால், 40 சதுர அடிப் பரோட்டாக் கடைப் பலகைக்கு ஆகும் நேரத்தில் அதே அளவுள்ள மூன்று மருந்துக்கடைப் பலகைகளை முடித்துவிடலாம். ஆகவே நேரில் பார்த்து, உயரத்தையும் பிசுக்கையும் கணக்கில் எடுத்த பிறகே தொகை சொல்லுங்கள்.

ஒரே தெருவில் பத்துக் கடைகளைப் பிடிப்பது, பத்துத் தெருக்களில் பத்துக் கடைகளைப் பிடிப்பதைவிட மேல். ஏணியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும், கடைக்காரரின் முதல் போணிக்கு முன் நாம் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். ஆயுத பூஜைக்கு முன் எல்லோரும் நம்மை அழைப்பார்கள். சித்திரைத் தேர் சுற்றிவரும் மாசி வீதிகளில் பங்குனியிலும் அழைப்பார்கள். வருமானத்தை அந்த இரண்டு பருவங்களை மட்டும் நம்பி வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆண்டு ஒப்பந்தமாகக் குறைந்த தொகைக்குப் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பலகையில் தெரியும் சேற்றுக்கோடுகளைக் காட்டிப் பேசினால் மறுப்பவர் குறைவு.

அலுமினிய ஏணியை முதலில் விற்றுவிடுங்கள். மாசி வீதிகளில் மின்கம்பிகள் பலகையை உரசிக்கொண்டே போகின்றன. ஃபைபர் ஏணி விலை கூடுதல்தான், ஆனால் அதற்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். 16 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பாகம் 4 அடி தள்ளி நிற்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா திட்டத்தில் நீங்களும் தம்பியும் இன்றே வங்கியில் சேருங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு குறித்துக் கவலை வேண்டாம்.

பதில் 3: கீழமாசி வீதிக் கடைக்காரர்

பணம் கொடுக்கும் தரப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆயுத பூஜைக்குப் பலகையில் நாங்கள் வைக்கும் மஞ்சளின் கறை மீது சோப்பு பட்டால் அது சிவந்துவிடும். சென்ற ஆண்டு கழுவ வந்தவர் அதைக் கண்டு பயந்து, தேய்த்துத் தேய்த்துப் பூச்சையே உரித்துவிட்டார். மஞ்சள் காரத்தில் சிவக்கும், வெயிலில் தானாகவே மங்கிவிடும். சில நாள்கள் விட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். வேலைக்கு முன் பலகையைப் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறலையும் எரியாத எழுத்தையும் எங்களிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். பக்கத்துக் கடையின் படியில் அழுக்கு நீர் தெறித்தால் வசவு வாங்குவது நாங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்டவர்: திருநகர்வாசி

மூவருக்கும் நன்றி. ஜவுளிக்கடைக்காரரிடம் பேசினேன், கெட்ட நான்கு எழுத்துகள் உள்ள சொல் முழுவதையும் என் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னதும், மீதமுள்ள பலகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவும் வேலையை எனக்கே தருவதாகச் சொன்னார். பலகைக்காரர் ஐயா, அந்த முகப்புகளை உங்களிடமே வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: சிம்மக்கல் பலகைக்காரர்

அளவெடுத்து வராதீர்கள் தம்பி, ஓர் எழுத்தைக் கழற்றியே கொண்டு வாருங்கள். ஷீட்டின் தடிமனும் வெள்ளையின் நிறமும் கையில் பார்த்தால்தான் பொருந்தும்.