ஜாதிக்கா மரம் பூத்துத் தள்ளுது, ஒரு காய் பிடிக்கல. வெட்டிடவா?

குலசேகரம்_விளை:

வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம். எங்களுக்கு திற்பரப்பு போற வழியில கொஞ்சம் தென்னவிளை உண்டு. பழைய தென்னை, நல்ல நிழல், அதுக்கு இடையில 2016 மழைக்கு ஆறு மூடு ஜாதிக்கா நட்டேன். ஒட்டு இல்ல, விதையில மொளச்ச தைதான், அதாவது கன்னு, களியக்காவிளை தாண்டி அந்தப்பக்கம் ஒரு நர்சரியில வாங்கினது, காய்ச்ச மரத்துக்க விதை எல்லாம் பெண்ணுதான்னு அந்தாளு அடிச்சு சொன்னாரு, நானும் தலைய ஆட்டிட்டு வண்டியில ஏத்திட்டு வந்தாச்சு. இப்பம் ரெண்டு வருஷமா நாலு மரம் பூக்குது. அதுலயும் மூணு மரம் சும்மா பூத்துத் தள்ளுது, காலையில போய் பாத்தா மூட்டுல மஞ்சளா கொட்டிக் கிடக்கும், நல்ல மணமும் உண்டு. ஆனா காய் ஒண்ணு கூட இல்ல. நாலாவது மரத்துல பூ ரொம்ப கம்மி, அங்கொண்ணு இங்கொண்ணு. பாக்கி ரெண்டும் பூக்கவே இல்ல, இலையா விட்டு நிக்குது.

சாணி போட்டாச்சு, எலும்புப்பொடி போட்டாச்சு, பொட்டாஷும் வச்சாச்சு, கோடையில தண்ணியும் விடுறேன். எங்கம்மா போன வெள்ளிக்கிழமை கோடாலிய எடுத்துட்டு போய் மரத்து மூட்டுல நின்னு அடுத்த வருஷம் காய்க்கலன்னா வெட்டி விறகாக்கிருவேன்னு மிரட்டிட்டு வேற வந்திருக்கா, பக்கத்து விளைக்காரி சிரிச்சுட்டா. அந்த மூணு மரத்தையும் வெட்டிட்டு வேற ஏதாவது வைக்கலாமான்னு யோசிக்கேன். என்ன செய்யலாம் சொல்லுங்க.

மார்த்தாண்டம்_மச்சான்:

பூ கொட்டுதுன்னா சத்து பத்தலன்னு அர்த்தம் அண்ணே, பொட்டாஷை ரெண்டு மடங்காக்குங்க, போரானும் அடிங்க. இல்லன்னா எங்க பாட்டா பலாவுக்கு செய்த மாதிரி நாலு துருப்பிடிச்ச ஆணி அடிச்சுப் பாருங்க. அந்த பலா அடுத்த வருஷம் காய்ச்சுது. ஆணியாலயா இல்ல அது காய்க்குற வயசு வந்துட்டான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது 😀

அருமனை_கிழவன்:

மக்ளே வெட்டாண்டாம், ஆணியும் அடிக்காண்டாம், உரத்துக்கு இனி ஒரு ரூவா செலவாக்காண்டாம். உனக்க மரத்துக்கு நோயும் இல்ல சத்துக்குறைவும் இல்ல. மூணும் ஆண் மரம், அவ்வளவுதான் விஷயம்.

ஜாதிக்கால ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். நம்ம பனை மாதிரின்னு வச்சுக்க, ஆண்பனையில எத்தனை வருஷம் காத்துக் கிடந்தாலும் நுங்கு வருமா? விதையில இருந்து வந்த தைன்னா பாதிக்குப் பாதி ஆணாத்தான் வரும், அது ஆணா பெண்ணான்னு தெரியவே ஆறேழு வருஷம், சிலது எட்டும் ஆகும், முதல் பூ வந்தாத்தான் தெரியும். அந்த நர்சரிக்காரன் எல்லாம் பெண்ணுன்னு சொன்னது சுத்தப் புளுகு. தையைப் பாத்து சொல்ல அவன் அப்பனாலயும் முடியாது.

எனக்கு இருபத்தெட்டு மூடு நிக்குது, முப்பது வருஷத்துக்கு முந்தி விதை போட்டு மொளைக்க வச்சது. முதல்ல ஐம்பது வச்சேன், பாதிக்குக் கொஞ்சம் கூட ஆணாப் போச்சு, அன்னைக்கு விவரம் தெரியாம அதுல நாலஞ்சை விட்டுட்டு பாக்கிய எல்லாம் வெட்டி அடுப்புல வச்சேன். இன்னைக்கு நெனச்சா வயிறு எரியுது, ஏன்னா ஆண் மரத்தையே பெண்ணாக்க வழி உண்டு. அதைப் பிறகு சொல்லுதேன். முதல்ல பூவைப் பாரு. கொத்துக் கொத்தா ஒரு காம்புல அஞ்சு பத்து ஒல்லிப் பூ தொங்குனா ஆண். ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு மூணு, அடிப்பக்கம் கொஞ்சம் உருண்டு பருத்து இருந்தா பெண். உனக்க நாலாவது மரம் பூ கம்மின்னு சொன்னியே, அது மேல எனக்கு ஒரு சம்சயம் உண்டு.

மார்த்தாண்டம்_மச்சான்:

பாட்டா, இலைய வச்சே கண்டுபிடிக்கலாம்னு சொல்லுவாங்களே? பெண்ணுக்கு இலை அகலம், கிளை படுக்கையா போகும், ஆணுக்கு இலை சின்னது கூர்மையா இருக்கும், கிளை மேல பாத்து போகும்னு எங்க ஏரியாவுல ஒருத்தரு அதை வச்சே தை பிரிச்சு விக்காரு.

பாறசாலை_டீச்சர்:

அந்த இலைக் கணக்கை நம்பி யாரும் காசு கொடுக்காதீங்க. நிழல்ல நிக்குற மரத்துக்கு இலை அகலமாத்தான் இருக்கும், வெயில்ல நிக்குறதுக்கு சிறுசாகும், இது ஆண் பெண் விஷயமே இல்ல. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள விஷயத்துல யாரு என்ன சொன்னாலும் பாதி தடவை சரியாத்தான் வரும், அதான் அந்த மாதிரி ஆளுங்களுக்கு வியாபாரம் ஓடுது.

நான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு தாவரவியல் எடுக்கறேன், ஈரில்லத் தாவரம்னு பாடத்துல வரும்போது பப்பாளி, பனை, ஜாதிக்கா மூணையும்தான் சொல்றது. ஆண் ஒரு வீட்டுல பெண் ஒரு வீட்டுல, அதான் ஈரில்லம். பப்பாளில நமக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல, நாலஞ்சு மாசத்துலயே பூத்துக் காட்டிடும், நீளக் காம்புல கொத்தா தொங்குறதைப் பிடுங்கிப் போட்டுட்டு பாக்கிய வளக்கலாம். கோ 7, ரெட் லேடி மாதிரி ரகத்துல தனி ஆண் செடியே வராது, பெண்ணும் இருபால் பூ உள்ளதும்தான் வரும். ஜாதிக்கா அப்படி இல்ல, ஏழு வருஷம் உரம் தின்னுட்டு அப்புறம்தான் நான் ஆணுன்னு சொல்லும்.

சரி, பூவை எப்படி பாக்குறதுன்னு சொல்றேன். கீழ விழுந்த பூ வேண்டாம், மரத்துலயே தொங்குற புதுப் பூ ஒண்ணு பறிச்சுக்குங்க. சுண்டுவிரல் நகம் அளவு கூட இருக்காது, இதழ்னு தனியா ஒண்ணும் கிடையாது, மெழுகுல செஞ்ச குட்டிக் கலயம் மாதிரி தலைகீழா தொங்கும், வாய்ப்பக்கம் மூணா பிளந்து லேசா வெளிய வளைஞ்சிருக்கும். ஷேவிங் பிளேடால மேல இருந்து கீழ வரைக்கும் நீளவாக்குல ரெண்டா பிளங்க. நடுவுல ஒரு குச்சி மாதிரி நின்னு அதுல மஞ்சப் பொடி ஒட்டுச்சுன்னா ஆண், மகரந்தப்பைகள் எல்லாம் சேந்து ஒரே தூணாகிப் போனதுதான் அந்தக் குச்சி. குச்சி இல்லாம, பச்சை வெளுப்பா ஒரு குட்டி முட்டையும் அது தலையில உதடு பிளந்த மாதிரி ஒரு சின்ன நுனியும் இருந்தா பெண். முட்டை சூல்பை, நுனி சூல்முடி. அதுக்குள்ள விதையா மாறுற சூல் ஒரே ஒண்ணுதான், அதான் ஒரு காய்க்கு ஒரு கொட்டை.

இன்னொரு விஷயம், பூக்குற சமயத்துல பூச்சி மருந்து அடிச்சுடாதீங்க. தேனீ வந்துதான் மகரந்தம் சேக்குதுன்னு எல்லாரும் நெனப்போம், தென்னிந்தியாவுல ஜாதித் தோட்டத்துல உக்காந்து கவனிச்சவங்க கண்டது வேற, எறும்பு மாதிரியே இருக்குற ஒரு குட்டி வண்டு. பூ ராத்திரியிலதான் விரியும், மணம் பிடிச்சு வண்டு வரும், ஆண் பூவுல மகரந்தம் திங்கும். பெண் பூவுல திங்க மகரந்தமே கிடையாது, ஆனா பாக்க ஒரே மாதிரி, மணமும் ஒரே மாதிரி, அதுவும் ஆண் பூதான்னு நெனச்சு உள்ள போய் ஏமாந்து உடம்புல ஒட்டுன பொடிய அங்க தடவிட்டு வெளிய வரும். நாம சாப்பிடுற ஜாதிக்கா எல்லாம் ஒரு வண்டு ஏமாந்ததுல வந்ததுன்னு சொன்னா என் கிளாஸ் பிள்ளைகள் அரை மணி நேரம் சிரிக்கும்.

செங்கோட்டை_பஸ்:

தலைப்புக்கு வெளிய போறேன், மன்னிச்சுக்குங்க. நான் வேலை விஷயமா வாராவாரம் ஆரியங்காவு வழியா தென்மலை போறவன். அங்க குளத்துப்புழா, அஞ்சல், செந்துருணி காட்டுக்குள்ள சதுப்புல காட்டு ஜாதிக்கா மரங்கள் நிக்கும், ஒருநாள் ஒரு பாரஸ்ட்காரர் கூட உள்ள போய் பாத்தேன். தண்ணி தேங்கி நிக்குற சேறு, அதுல இருந்து வேர் முழங்கால் மடக்குன மாதிரி மேல எழும்பி வளைஞ்சு திரும்ப சேத்துக்குள்ள போகுது, கால் வைக்க இடம் இல்ல. சேத்துக்குள்ள காத்து கிடையாது, அதனால வேரு மேல வந்து மூச்சு வாங்குதுன்னு சொன்னாரு. அந்த மரத்துலயும் ஆண் வேற பெண் வேறயாம். பழத்தை இருவாச்சிப் பறவைதான் முழுங்கிட்டு போய் தூர எங்கயாவது கொட்டையத் துப்புமாம். கொட்டைய மூடியிருக்குற ஜாதிபத்திரி அவ்வளவு சிவப்பா இருக்குறது பறவை கண்ணுல படத்தான், நம்ம பிரியாணிக்காக இல்லன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

குலசேகரம்_விளை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி இன்னைக்கு காலையில பிளேடும் அம்மாவுக்க கண்ணாடியுமா விளைக்குப் போனேன். முதல் மூணு மரத்துலயும் பத்து பன்னெண்டு பூ பிளந்து பாத்தாச்சு, எல்லாத்துலயும் நடுவுல குச்சி, விரல்ல மஞ்சப் பொடி. சந்தேகமே இல்ல, மூணும் ஆண். நர்சரிக்காரனை நெனச்சு ரெண்டு வார்த்தை சொன்னேன், இங்க எழுத முடியாது.

நாலாவது மரத்துல பூவைத் தேடிக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆச்சு. ஒண்ணு பறிச்சுப் பிளந்தா குச்சி இல்ல! டீச்சர் சொன்ன அதே குட்டி முட்டை, தலையில உதடு. அப்பம் அம்மா கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு ஏலே அது என்னதுன்னு கேட்டா, பாத்தா இலைக்குப் பின்னால கொய்யாப்பிஞ்சு மாதிரி ரெண்டு காய் தொங்குது. ரெண்டு வருஷமா நான் பூ கொட்டுற மரத்தையே பாத்துட்டு நின்னிருக்கேன், காய்ச்ச மரத்தைத் திரும்பிக் கூட பாக்கல.

இப்பம் கேள்வி இதுதான். மூணு ஆண் மரத்தை என்ன செய்ய? பூக்காத ரெண்டு மரத்தையும் என்ன செய்ய? பாட்டா ஏதோ வழி உண்டுன்னு சொன்னீங்களே.

அருமனை_கிழவன்:

நான் சொல்லல்லியா. அந்த ரெண்டு காயையும் பறிக்காத, பூத்ததுல இருந்து பழுக்க ஒம்பது மாசம் வரைக்கும் ஆகும், அதுவா ரெண்டா வெடிச்சு உள்ள சிவப்பு தெரியும்போது எடு. விதைக்கு வைக்கணும்னா பத்திரிய உரிச்சுட்டு உடனே ஊனணும். வெயில்ல காயவச்சு குலுக்குனா கடகடன்னு சத்தம் கேக்குமே, அந்தக் கொட்டை குழம்புக்குத்தான் ஆகும், மொளைக்காது. ஆனா நீ இனி விதை போடாண்டாம், பட்டது போதும்.

பூக்காத ரெண்டையும் விட்டுரு, சிலது பத்து வருஷமும் எடுக்கும். ஆண் மூணுல ஒண்ணு நிக்கட்டும், பத்து பெண் மரத்துக்கு ஒரு ஆண் போதும்னுதான் கணக்கு, ஆனா அது இல்லாம ஆகாது. பாக்கி ரெண்டுலயும் பெண் மரத்துக் கிளையில உள்ள கண்ணு, அதான் துளிர் மொட்டு, எடுத்து ஒட்டிரலாம். வேரு எட்டு வருஷத்து வேரு, அதை ஏன் வீணாக்கணும்?

கம்பம்_மிளகு:

பாட்டா சொல்றது சரிண்ணே. நமக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், ஓரத்துல கொஞ்சம் ஜாதிக்காயும் உண்டு, ரெண்டு வருஷம் முன்னாடி நாலு ஆண் மரத்தை இப்படி மாத்துனோம். மழை தொடங்குறப்ப மரத்தை நெஞ்சு உசரத்துக்கு மேல வெட்டணும், ஆனா கீழ ரெண்டு மூணு கிளைய விட்டுரணும், மொட்டையா வெட்டுனா மரம் செத்துப்போகும், எங்களுக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு. கொஞ்ச மாசத்துல வெட்டுன இடத்துக்குக் கீழ நேரா குருத்து கிளம்பும், அதுல நல்லதா நாலஞ்சு வச்சுக்கிட்டு, பென்சில் கனம் வந்ததும் பட்டைய உரிச்சு பெண் மரத்துக் கண்ணை வச்சு பாலிதீன் நாடாவால இறுக்கிக் கட்டணும், தண்ணி உள்ள போகக்கூடாது. ஒரு மாசத்துக்கு மேல ஆகும் பிடிக்க. எல்லாம் பிடிக்காதுண்ணே, பத்து வச்சா அஞ்சாறு பிடிச்சா சந்தோஷப்பட்டுக்கணும்.

ஆனா ஒண்ண மட்டும் மறந்துராதீங்க, கண்ணை எந்தக் கிளையில எடுக்குறீங்கங்கறதுலதான் எல்லாம் இருக்கு. மேல பாத்து நேரா போற குருத்துல எடுத்தா மரமா நிமிந்து வளரும், படுக்கையா போற பக்கக் கிளையில எடுத்தா ஒட்டும் படுக்கையாவேதான் போகும், புதர் மாதிரி பரந்துரும். அது காய்க்காதுன்னு இல்ல, காய்க்கும், ஆனா தென்னைக்கு நடுவுல இடத்தை அடைக்கும். மிளகுலயும் இதே கதைதான், தொட்டியில குட்டியா வைக்கிறாங்களே அந்த மிளகுச் செடி காய்க்கிற பக்கக் கிளையில எடுத்தது, அதான் ஏறாம தரையிலயே நிக்குது. கிளைக்கு தான் எப்படி வளந்தோங்கற நெனப்பு போகாதுண்ணே. சிக்கல் என்னன்னா நேர்குருத்து ஒரு மரத்துல ரொம்ப கொஞ்சமாத்தான் கிடைக்கும், அதனாலதான் நேர்க்குருத்து ஒட்டுத் தைக்கு விலை கூட.

மிளகும் காட்டுல ஆண் கொடி பெண் கொடி தனித்தனிதான். நம்ம தோட்டத்துல உள்ளது பெரும்பாலும் ஒரே பூவுல ரெண்டும் உள்ளது. நம்ம முன்னோர் நல்லா காய்ச்ச கொடியிலயே வெட்டி வெட்டி நட்டு நட்டு அப்படி ஆக்கிட்டாங்க. ஜாதிக்காய இத்தனை காலம் விதையிலயே போட்டுட்டு இருந்ததால அந்த அதிர்ஷ்டம் அதுக்கு இல்ல.

பாறசாலை_டீச்சர்:

நல்லா சொன்னீங்க. புதுசா தை வாங்குறதா இருந்தா ஒட்டுத் தையே வாங்குங்க, கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல விஸ்வஸ்ரீன்னு ஒரு ரகம் உண்டு. உங்களுக்கு பக்கத்துலயே பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அங்க ஒரு தடவை போய் கேட்டுப் பாருங்க. அப்புறம் அபூர்வமா ஆண் மரத்துலயே ஒண்ணு ரெண்டு பெண் பூ வந்து காய் பிடிக்குறதும் உண்டு, நாளைக்கு உங்க ஆண் மரத்துல ஒரு காயைப் பாத்துட்டு டீச்சர் பொய் சொல்லிட்டான்னு சொல்லாதீங்க.

ஒரு கணக்கும் சொல்லிடறேன். ஆறு விதைத் தை வச்சா ஆறுமே ஆணாப் போக 64-ல ஒரு வாய்ப்புதான். நாலுல மூணு ஆண்ங்கறது சாதாரணமா நடக்குறதுதான், உங்க ராசிய நொந்துக்காதீங்க.

குலசேகரம்_விளை:

சரி டீச்சர். நடுவுல நிக்குற ஆணை விட்டுட்டு ஓரத்து ரெண்டையும் இந்த இடவப்பாதி மழைக்கு வெட்டி ஒட்டலாம்னு முடிவு பண்ணியாச்சு. கம்பம் அண்ணன் சொன்ன மாதிரி கீழ்க்கிளைய விட்டுட்டே வெட்டுதேன். அம்மாவுக்கு கோடாலிக்கு வேலை வந்த சந்தோஷம்.

பாட்டா, உங்க மரத்துல நேர்குருத்து கிடைக்குமா? அருமனைக்கு நானே பைக்ல வந்து வாங்கிக்கறேன்.

அருமனை_கிழவன்:

வா மக்ளே. காய்ப்பு கூடின மரம் ஒண்ணு கிணத்துப் பக்கத்துல நிக்குது, காயும் பெருசு, பத்திரியும் கனம். ஆனா ரெண்டு குச்சிக்கு மேல தரமாட்டேன், போன வருஷம் ஒருத்தன் வந்து கேக்காம ஆறு குச்சி ஒடிச்சுட்டுப் போயிட்டான், மரம் ஒருபக்கமா சாஞ்சு நிக்குது. ஈரச்சாக்கு ஒண்ணு கொண்டு வா, குச்சிய சுத்திக் கொண்டு போகணும். காலையிலயே வந்துரு, வெயில் ஏறுனா கண்ணு வாடிரும்.

மார்த்தாண்டம்_மச்சான்:

பாட்டா எனக்கும் ஒரு குச்சி?

அருமனை_கிழவன்:

நீ ஆணி அடி போ.