பெருந்தொற்று ஓயாத நேரத்தில் உல்லாசக் கப்பலைத் திரும்ப ஓட்டுவது எப்போது? எதை வைத்து முடிவெடுப்பது?

கரைவாசி:

இன்னொரு பெருந்தொற்று வந்தால் உல்லாசக் கப்பல்களை நிறுத்துவதில் யாருக்கும் குழப்பம் இருக்காது. திரும்ப ஓட்டுவது எப்போது என்பதில்தான் சண்டை வரும். கொரோனா வந்தபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று தடை போட்டது. அங்கே கட்டணப் பயணிகளோடு முதல் பெரிய கப்பல் கிளம்ப 2021 ஜூன் 26 ஆகிவிட்டது. இத்தாலியிலோ 2020 ஆகஸ்ட் 16 அன்றே எம்எஸ்சி கிராண்டியோசா ஜெனோவாவிலிருந்து புறப்பட்டுவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று சிங்கப்பூரில் வேர்ல்ட் ட்ரீம் பாதிப் பயணிகளோடு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் போய்த் திரும்பும் பயணத்தைத் தொடங்கியது. நோய் ஒன்றுதான், தேதிகளுக்கு நடுவே மட்டும் பத்து மாத இடைவெளி.

இதில் எது சரியான அளவுகோல்? ஊரில் தொற்று எவ்வளவு குறைய வேண்டும்? ஏறும் முன் எல்லோருக்கும் பரிசோதனை செய்தால் போதாதா? சீட்டு வாங்குகிறவர் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாறன்_தொற்றியல்:

பரிசோதனை போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 3,000 பேர் ஏறுகிறார்கள், அவர்கள் ஊர்களில் அன்றைக்கு ஆயிரத்தில் இருவருக்குத் தொற்று என்று வையுங்கள். ஆறு பேர் தொற்றோடு துறைமுகத்துக்கு வருவார்கள். பரிசோதனை பத்தில் ஏழு பேரைப் பிடித்தால், சராசரியாக இரண்டு பேர் தப்பி ஏறிவிடுவார்கள். ஒருவர்கூடத் தப்பாமல் கப்பல் கிளம்புவது ஆறு பயணத்துக்கு ஒருமுறைதான். அதே பரிசோதனையை வைத்துக்கொண்டு, ஊரில் தொற்று பத்தாயிரத்தில் ஒருவராக இறங்கட்டும். பத்தில் ஒன்பது பயணம் சுத்தமாகக் கிளம்பும். ஆக, பரிசோதனையைவிட ஊரின் நிலைமைதான் பெரிதாகப் பேசுகிறது.

ஆனால் செய்தியில் வரும் தினசரி எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 5 புதிய தொற்று பதிவாகிறது, ஒவ்வொருவரும் பத்து நாள் தொற்றோடு இருக்கிறார்கள் என்றால் அது 50. பதிவாகாதவர்கள் அதே அளவு இருந்தால் லட்சத்துக்கு 100, அதாவது ஆயிரத்தில் ஒருவர். "வெறும் ஐந்துதானே" என்று தோன்றும் ஊரிலிருந்தே 3,000 பேரில் மூன்று பேர் தொற்றோடு வருவார்கள்.

காய்ச்சல் பார்க்கும் கருவியை நம்பவே வேண்டாம். 2020 மார்ச்சில் அண்டார்டிக் பக்கம் போன கிரெக் மார்ட்டிமர் கப்பலில் ஏறும் முன் எல்லோருக்கும் உடல் வெப்பம் பார்த்தார்கள், பயண வரலாறும் கேட்டார்கள். எட்டாம் நாள்தான் முதல் காய்ச்சல் தெரிந்தது. கடைசியில் 217 பேரில் 128 பேருக்குத் தொற்று. அதில் 81 சதவீதத்தினருக்கு அறிகுறியே இல்லை.

இன்னொன்று, குறுகிய பயணம் காகிதத்தில் எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும். ஆரம்ப கால கொரோனாவில் தொற்று ஏறி அறிகுறி வர சுமார் ஐந்து நாள் ஆனது. மூன்று இரவுப் பயணத்தில் தொற்றியவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் காய்ச்சல் வரும், கப்பலின் பதிவேட்டில் பூஜ்யம் இருக்கும். "நாற்பது பயணம் ஓட்டினோம், ஒரு தொற்றும் இல்லை" என்று யாராவது சொன்னால், இறங்கியவர்களை 14 நாள் தொடர்ந்து விசாரித்தார்களா என்று கேளுங்கள். விசாரிக்கவில்லை என்றால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

ஊழியர்கள் விஷயம் இதைவிட முக்கியம். பயணி ஒரு வாரத்தில் இறங்கிவிடுவார், ஊழியர் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார். தொற்று ஒரு பயணத்திலிருந்து அடுத்த பயணத்துக்குத் தாண்டுவது அவர்கள் வழியாகத்தான். 2020 ஜூலையில் நார்வேயின் ரோவால்ட் அமுண்ட்சென் கப்பலில் நடந்தது அதுதான்: ஊழியர்களிடையே பரவி, அடுத்தடுத்த இரண்டு பயணங்களின் பயணிகளுக்கும் போனது. ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்ததே, அங்கே பயணிகளை அறைக்குள் அடைத்த பிறகும் உணவு கொண்டுபோன ஊழியர்கள் பொது உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, ஒரே அறையில் இருவராகத் தூங்கினார்கள். 2020 பிப்ரவரி 9 வரை உறுதியான 20 ஊழியர் தொற்றுகளில் 15 பேர் உணவுப் பிரிவு. அதனால் ஊழியருக்குத் தனி அறை, வாராந்திரப் பரிசோதனை, கப்பலில் சேரும் முன் தனிமை ஆகிய மூன்றும் இல்லாமல் பயணிகளை ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காற்றுவழி:

மாறன் சார் சொன்னதோடு கப்பலின் காற்றோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

"மெர்வ் 13 வடிகட்டி (நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் அடர்த்தியான காற்று வடிகட்டி) போட்டுவிட்டோம்" என்று எல்லா நிறுவனமும் விளம்பரம் செய்யும். பழைய ஏசி யூனிட்டில் அடர்த்தியான வடிகட்டியைச் செருகினால் அழுத்த இழப்பு கூடும், விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அறைக்கு வரும் காற்றின் அளவு குறையும். சட்டத்துக்கும் வடிகட்டிக்கும் இடையே இடைவெளி இருந்தால் காற்று வடிகட்டி வழியே போகாமல் ஓரமாக நழுவிவிடும். எனவே வடிகட்டி மாற்றிய பிறகு காற்றோட்டத்தை மறுபடி அளந்தார்களா என்பதுதான் கேள்வி.

முழுக்க வெளிக்காற்று கொடுக்கலாமே என்பார்கள். வெப்பக் கடலில் அது சுலபமில்லை. ஈரக் காற்றை உலர்த்தும் அளவுக்கு ஏசியின் குளிர்ச்சுருளுக்குத் திறன் இருக்காது. கூரையில் நீர் கோக்கும், பூஞ்சை வரும். ஆட்களைக் குறைப்பதுதான் நேரான வழி. ஒருவருக்கான வெளிக்காற்று தானாகக் கூடிவிடும். உணவுக்கூடம், அரங்கு, மதுக்கூடம் ஆகிய இடங்களில் கூட்டம் இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு மீட்டர் 800 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 800 பங்கு) கீழே நின்றால் பரவாயில்லை. 1,200 தாண்டினால் அந்த இடத்தில் பாதிப் பேர்தான் இருக்க வேண்டும். கையில் அடங்கும் மீட்டரே போதும், பயணிகூட எடுத்துப் போகலாம்.

தனிமை அறைகளை ஒரே தளத்தின் ஒரு கோடியில், தனிப் படிக்கட்டோடு ஒதுக்க வேண்டும். நடைபாதையைவிட அறையில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். கதவின் அடி இடுக்கில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது அறைக்குள் இழுபட வேண்டும், வெளியே தள்ளப்பட்டால் அந்த அறை ஆகாது. குளியலறை உறிஞ்சு விசிறி எந்நேரமும் ஓட வேண்டும். பால்கனி உள்ள அறைதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நோயாளிக்கு நல்லதுதான், ஆனால் காற்றடிக்கும்போது பால்கனிக் கதவைத் திறந்தால் அழுத்தம் தலைகீழாகி அறைக்காற்று நடைபாதைக்கு வந்துவிடும். பால்கனிக் கதவும் நடைபாதைக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஊழியர் போன பிறகுதான் நோயாளி கதவைத் திறக்க வேண்டும்.

நங்கூரம்:

சீட்டு வாங்குகிறவர் கேட்க வேண்டியது பற்றி. எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்: நடுக்கடலில் நோய் கண்டால் எந்தத் துறைமுகம் எங்களை ஏற்கும் என்று எழுத்தில் இருக்கிறதா? 2020 பிப்ரவரியில் வெஸ்டர்டாம் கப்பலை ஐந்து இடங்களில் திருப்பி அனுப்பினார்கள், கம்போடியாவின் சிஹானூக்வில்தான் கடைசியில் இடம் கொடுத்தது. அந்தக் கப்பலில் உறுதியான தொற்று பரவலே இருக்கவில்லை. அமெரிக்கா 2020 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தபோது துறைமுகம், மருத்துவமனை, தங்குமிடம் மூன்றோடும் கப்பல் நிறுவனம் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால், தொற்று எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் இந்த ஒப்பந்தம் இல்லாமல் கப்பல் கிளம்பக் கூடாது.

அடுத்து மருத்துவ வசதி. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல் கேட்பது பயணி, ஊழியர் சேர்த்து ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கையும் குறைந்தது ஒரு தீவிர சிகிச்சை அறையும்தான். 4,000 பேர் உள்ள கப்பலில் நான்கு படுக்கை! மூச்சுத்திணறலோடு ஐந்து பேர் வந்தால் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே கரையிலிருந்து ஒரு நாளுக்கு மேல் விலகாத பாதையே முதல் கட்டத்துக்குச் சரி. கடலைக் கடக்கும் நீண்ட பயணம் கடைசியாகத் தொடங்க வேண்டியது.

காப்பீட்டில் மருத்துவச் செலவு இருந்தால் மட்டும் போதாது. கரையில் தனிமையில் தங்கும் செலவு, கூடவே வந்தவரின் செலவு, விமானத்தில் நோயாளியை ஊருக்குக் கொண்டுபோகும் செலவு மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். பெருந்தொற்றால் வரும் செலவைத் தர மாட்டோம் என்னும் "பெருந்தொற்று விலக்கு" வரி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். துறைமுகத்திலேயே தொற்று உறுதியானால் பணமாகத் திருப்பித் தருவார்களா, அடுத்த பயணத்துக்கான வரவாகவா என்பதையும் கேளுங்கள். பணம் போய்விடும் என்ற பயத்தில் இருமலை மறைப்பவர்கள் உண்டு. தாராளமான திருப்பித் தரல் விதி எல்லோரையும் காக்கும்.

கரைவாசி:

நன்றி, நிறையத் தெளிவு கிடைத்தது. இரண்டு சந்தேகம் மட்டும். தடுப்பூசி வந்துவிட்டால் இவ்வளவும் தேவையா? தவறான முடிவு காட்டும் பரிசோதனையால் பயணமே கெடாதா?

மாறன்_தொற்றியல்:

தடுப்பூசி நோயின் கடுமையை நன்றாகவே குறைத்தது. 2021-இல் ஊழியரில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் போட்டிருந்தால் தன்னார்வலர்களை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பயணம் இல்லாமலே அமெரிக்காவில் ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் ஓமிக்ரான் என்ற புதிய கொரோனா திரிபு வந்ததும் தடுப்பூசி போட்டவர்களிடையேயும் பரவியது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தடுப்பூசி போட்டவரும் கப்பலைத் தவிர்க்கவும் என்று அறிவுரை சொன்னது. ஆகவே தொடங்கும் அளவுகோலோடு நிறுத்தும் அளவுகோலையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஊழியரில் இத்தனை சதவீதத்துக்குத் தொற்று வந்தால், தனிமை அறைகளில் பாதி நிரம்பினால், அன்றே துறைமுகத்துக்குத் திரும்புவது என்று. கப்பலில் உட்கார்ந்து பேரம் பேசும் விஷயமாக அதை விடக் கூடாது.

தவறான முடிவு நிச்சயம் வரும். 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஒருவருக்குத் தொற்று என்று காட்டியதால் கப்பல் திரும்பியது, 1,680 பயணிகள் அறைக்குள் இருந்தார்கள். கரையில் மறுபரிசோதனை செய்தபோது அவருக்குத் தொற்றே இல்லை. கப்பல் திரும்பியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், அதற்காகத்தான் விதி இருந்தது. இதைச் சமாளிக்க, கப்பலிலேயே வேறு நிறுவனத்தின் வேறு மரபணுப் பகுதியைத் தேடும் இரண்டாவது பிசிஆர் கருவி வைக்கலாம். முதல் முடிவு வந்த உடனே தனிமைப்படுத்திவிட்டு, புது மாதிரி எடுத்து இரண்டாம் கருவியில் ஓட்டலாம். இரண்டும் ஒத்துப்போகும் வரை நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களை அறையில் வையுங்கள். மற்றவர்கள் முகக்கவசத்தோடு திறந்த தளத்தில் இருக்கட்டும்.