டிராக்டருக்கு 15 வருடக் கெடு: எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வெண்ணாற்றங்கரை:
நேற்று இங்கே தஞ்சைப் பொறியாளர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: “15 வருடம் முடிந்த வண்டி எதுவானாலும் உடைத்தே தீர வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். டெல்டாவின் டிராக்டர்காரர்கள் அதை மதிப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு புகை.”

படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஐயா, எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது? 2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் தொடங்கிவைத்த பழைய வாகன அழிப்புக் கொள்கை, உரிமையாளர் விரும்பினால் சேரும் திட்டம். தகுதிச் சோதனையில் தேறாமலோ பதிவு புதுப்பிக்கப்படாமலோ போன வண்டியை அது ஆயுள் முடிந்த வண்டி என்கிறது. விவசாய டிராக்டருக்கு முதலில் 15 வருடப் பதிவு, பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் வெளியிட்டது. இதைத் தேடிப் படிக்காமல் டெல்டா விவசாயிகளையே சட்டத்தை மீறுகிறவர்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

தஞ்சைப் பொறியாளர்:
டெல்லியில் என்ன நடந்தது என்று தெரியுமா? 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி, 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசு வண்டிகளுக்கு 15 வருடத்துக்குமேல் பதிவே புதுப்பிப்பதில்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதெல்லாம் சட்டம் இல்லையா? நீங்கள் பட்டறை நடத்துகிறவர். பழைய வண்டி ஓடினால்தான் உங்களுக்குப் பிழைப்பு. அதைச் சொல்லிவிட்டு வாதாடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஆமாம், பட்டறைதான். நீடாமங்கலம் பக்கத்தில் முப்பது வருடமாக எஞ்சினுக்கு டீசல் ஊற்றும் பம்பைப் பழுதுபார்க்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான். டெல்லி உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு. அங்கேயே 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிக்கு எரிபொருள் ஊற்றக் கூடாது என்றவர்கள், சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். அரசு வண்டிக்கு 15 வருடம் என்றால் அது அரசு வண்டிக்கு. கோரையாற்றுப் பாசனத்தில் உழுகிற டிராக்டர் அரசு வண்டியா? டிராக்டருக்கு 15 வருடம் என்று எங்கே இருக்கிறது? பிரிவு எண்ணைப் போடுங்கள்.

கடைமடை விவசாயி:
என் டிராக்டர் 1998இல் வாங்கியது. குறுவைக்கும் தாளடிக்கும் அதுதான் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறது. வருடத்தில் ஓடுவது ஐம்பது அறுபது நாள். அதை உடைத்துவிட்டுப் புதிது வாங்கு என்று சொல்கிறவர், ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் தலைஞாயிறுக்குத் தண்ணீர் எப்போது வந்து சேர்கிறது என்று ஒருமுறை வந்து பார்க்கட்டும். தலைமடைக்காரர்களுக்கு எல்லாம் எளிது.

தஞ்சைப் பொறியாளர்:
தண்ணீரை ஏன் இழுக்கிறீர்கள்? பேச்சு புகையைப் பற்றியது.

கடைமடை விவசாயி:
தண்ணீர் வந்தால்தான் விளைச்சல், விளைந்தால்தான் புது டிராக்டர். இது புரியாதவர் டெல்டாவைப் பற்றி எழுதக் கூடாது. போன வருடமும் இதே இடத்தில், எங்கள் வாய்க்காலை நாங்களே தூர்த்துவிட்டோம் என்று எழுதியவர் நீங்கள். மறக்கவில்லை.

நெல் லாரி, கும்பகோணம்:
டிராக்டரை விடுங்கள். அடி விழுவது எங்களுக்கு. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய லாரிக்குக் கட்டணம் 12,500 ரூபாய் என்று 2022 ஏப்ரலில் ஏற்றினார்கள். இத்தனை கட்டியும் சான்றின் லட்சணம் எனக்குத் தெரியும். சோதனைக்கு முந்தின நாள் பம்பில் டீசலைக் குறைத்துவைப்பார்கள். சான்று கைக்கு வந்த மறுநாள் பழையபடி ஏற்றிவிடுவார்கள். அப்போதுதான் பாரம் இழுக்கும்.

தஞ்சைப் பொறியாளர்:
நன்றி ஐயா, என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சோதனையில் ஏமாற்றலாம், வயதில் ஏமாற்ற முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் தேதி இருக்கிறது. அதனால்தான் 15 வருடம் என்கிறேன். சோதனையே பழைய வண்டிக்குத் தளர்வாக இருக்கிறது: பி.எஸ். 4, அதாவது பாரத் ஸ்டேஜ் புகை விதியின் நான்காம் படியில் வந்த டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி 50 வரை என்றால், அதற்கு முந்திய வண்டிக்கு 65 வரை விடுகிறார்கள். நீங்கள் எவ்வளவு துடைத்துவைத்தாலும் 1998ஆம் வருட எஞ்சின், 2020க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 எஞ்சின் ஆகாது.

வெண்ணாற்றங்கரை:
“அதனால்தான் 15 வருடம் என்கிறேன்.” பாருங்கள், நேற்று மத்திய அரசு சொன்னது, இன்று நீங்கள் சொல்கிறீர்கள்!

புகையைப் பற்றிப் பேசலாம், வாருங்கள். வண்டியை முடுக்கச் சொல்லி, சைலன்சர் வாயில் ஒரு வெள்ளை வேட்டித் துணியைப் பிடிப்பேன். கரி வட்டமாகப் படிந்தால் டீசல் எரியாமல் வருகிறது: டீசலைத் தூவும் நாசில் தேய்ந்திருக்கும், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது பம்பு கூடுதலாக ஊற்றுகிறது. துணி எண்ணெய்ப் பிசுக்காகி நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. போன மாதம் வந்த ஒரு லோடு வண்டிக்கு வயது ஏழு. துணி கறுத்துப்போனது. அதே நாளில் வந்த இருபது வருட டிராக்டரில், நாசில் மூன்றையும் மாற்றி ஏர் ஃபில்டரின் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிய பிறகு, துணியில் லேசான சாம்பல் நிறம்தான். ஏழு வருடத்தை விட்டுவிட்டு இருபதை உடைப்பீர்களா?

கொள்முதல் நிலையத் தெரு:
நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் தெருமுனையில் நெல் கொள்முதல் நிலையம். தை, மாசியில் மூட்டை ஏற்ற வரும் லாரிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும், எஞ்சினை அணைப்பதில்லை. மாடிக் கொடியில் காயப்போட்ட என் மகனின் பள்ளிச் சட்டையை எடுத்து உதறினால் தோளில் கறுப்புப் பொடி. அவனுக்கு இழுப்பு இருக்கிறது, மருந்துக் குழாய் இல்லாமல் தூங்குவதில்லை. அந்த லாரிகள் எந்த வருடத்தவை என்று எனக்குத் தெரியாது. அணைத்துவைக்கச் சொல்ல யாரிடம் போக வேண்டும்? யாராவது சொல்லுங்கள்.

நெல் லாரி, கும்பகோணம்:
அம்மா, எங்கள் மேல் கோபப்படாதீர்கள். வரிசை நகரும்போது வண்டி கிளம்பாவிட்டால் முறை போய்விடும். பேட்டரி பலவீனமான வண்டியை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். சாக்கும் ஆளும் இல்லாமல் மூன்று நாள் நிறுத்திவைக்கிறவர்களைக் கேளுங்கள்.

தஞ்சைப் பொறியாளர்:
பேட்டரி பலவீனமான வண்டி என்றால் பழைய வண்டி. மறுபடியும் என் வாதம்தான். அமெரிக்காவில் 2009இல் பழைய வண்டியைக் கொடுத்தால் 4,500 டாலர் வரை தள்ளுபடி தந்தார்கள். 6 லட்சத்து 70 ஆயிரம் வண்டிக்குமேல் வந்தது. திரும்ப ஓடாதபடி எஞ்சினுக்குள் சோடியம் சிலிக்கேட் கரைசல் ஊற்றி இறுக வைத்தார்கள். அப்படிச் செய்தால்தான் காற்று சுத்தமாகும்.

வெண்ணாற்றங்கரை:
காசு கொடுத்துக் கேட்டார்கள்! அங்கேயும் கட்டாயம் இல்லை. இங்கே என்ன தருகிறார்கள்? பழையதை உடைக்கக் கொடுத்து வாங்கிய சான்றோடு புது வண்டி வாங்கினால் சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை. பழைய இரும்புக்குப் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம். புது டிராக்டர் வாங்க முடியாத கடைமடைக்காரருக்கு அந்தச் சலுகைச் சான்று எதற்கு? அதே பணத்தை நாசிலுக்கும் பம்புக்கும் கொடுங்கள் என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். நான் பட்டறைக்காரன் என்பதால் யாரும் காது கொடுப்பதில்லை.

தங்கச்சி, உங்கள் தெருவுக்கு வரும் லாரிகளில் ஐந்தாறுதான் அவ்வளவு கரியும் கக்கும். அந்த ஐந்தாறை நின்ற இடத்திலேயே சோதித்துப் பிடிக்க வேண்டும். புகைச் சான்று இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருக்கிற சட்டம் அது. இல்லாத சட்டத்தை எழுதியவர் இன்னும் பிரிவு எண் போடவில்லை.

தஞ்சைப் பொறியாளர்:
பிடிக்க வேண்டியவர்கள் பிடித்திருந்தால் நான் ஏன் 15 வருடம் கேட்கிறேன்? கொள்கையின் நோக்கம் 15 வருடம்தான். எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
சட்டம் என்று எழுதியது நீங்கள். எழுத்தைத்தான் பிடிப்பேன். எங்களைச் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று சொன்ன வரியை எடுங்கள், பிறகு பேசலாம்.

தஞ்சைப் பொறியாளர்:
எடுக்க மாட்டேன்.

கடைமடை விவசாயி:
வாய்க்காலைப் பற்றி எழுதியதையும் அவர் இன்றுவரை எடுக்கவில்லை.

கொள்முதல் நிலையத் தெரு:
இப்போது மணி பதினொன்றரை. நான்கு லாரி நிற்கிறது, இரண்டில் எஞ்சின் ஓடுகிறது. சன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த ஐந்தாறு வண்டியைப் பிடிக்க யார் வருவார்கள், அண்ணா? எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள், கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். லாரி எண்களைக் குறித்துவையுங்கள். பொறியாளர் ஐயா, பிரிவு எண்.